குடத்தில் இல்லாத பேர்

போன இடத்திலும் சும்மா உட்காராமல் யாருக்காவது சோறாக்க உலை வைத்துக்கொண்டிருக்கும் என் அம்மா அஞ்சலைக்கு,

உன் நினைவு நாளுக்கு வருஷா வருஷம் அச்சகத்தில் நாலு வரி சொல்லி வைப்பேன். மறைந்தும் மறையாத தாயே என்று அவர்களே ஏதோ எழுதி, உன் போட்டோவுக்குப் பக்கத்தில் ஒரு குத்துவிளக்கையும் போட்டுக் கொடுப்பார்கள். இந்த வருஷம் நம் தெரு வியாபாரிகள் போடும் மலரில் உனக்காக இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். கவிதை வேண்டாம், இந்தக் கடிதத்தைப் போடுங்கள் என்று சொல்லப்போகிறேன். நம் கடையில் பாத்திரம் வாங்கிப் பேர் வெட்டக் காத்திருக்கிற அம்மாக்கள் நாலு பேர் படித்தாலும் போதும்.

அதெல்லாம் அப்புறம். இப்போது நான் பிள்ளைப்பேறு ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே தேன்மொழி. கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிகிறது. அவளுக்கு மாசம் இன்னும் முடியவில்லை. பிரஷர் ஏறி, மூன்று நாளாக மருந்து ஏற்றியும் இறங்கவில்லை. "வலிப்பு வந்துட்டா ரெண்டு உசுருக்கும் ஆபத்தும்மா, புள்ளைய எடுத்துடறதுதான் நல்லது. ரெண்டு பேரையும் காப்பாத்தப் பாக்குறோம்" என்று டாக்டரம்மா சொன்னார்.

'பார்க்கிறோம்' என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும் அம்மா. கடையில் நானே எத்தனை பேரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன்!

எழுதாமல் உட்கார்ந்திருந்தால் எழுந்துபோய் அந்தக் கதவைத் தட்டிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

கட்டினவனை விட்டுவிட்டு, இடுப்பில் பிள்ளையோடு உன் வாசலில் வந்து நின்றேனே, அந்த மத்தியானம் உனக்கு நினைவிருக்கிறதா? நீ மில் ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தாய். தலைமுடியில் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது. ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. எப்போது போவாய் என்றும் கேட்கவில்லை. பிள்ளையை என் இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டு, "சோறு இருக்குது, போட்டுச் சாப்புடு" என்றாய். அன்றைக்கு வாங்கிய பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கவேயில்லை நீ.

நான் பாத்திரக் கூடையைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகப் போனேன். அவளுக்கு எண்ணெய் வைத்தது நீ, தலை பின்னியது நீ, பள்ளிக்கூடத்தில் டீச்சர் கூப்பிட்டால் போய் நின்றது நீ. அவள் பெரிய மனுஷி ஆனபோது கூட முதலில் உன்னிடம்தான் சொன்னாள். நான் வீட்டுக்கு வந்தபோது நீயும் அவளும் ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். எனக்குத் தனித் தட்டு வைத்தாய். சம்பாதித்துவிட்டு வருகிற ஆம்பளைக்கு வைப்பது போல.

நீ பிள்ளையை வளர்த்தாய், நான் கடையை வளர்த்தேன். நாம் இரண்டு பேரும் பேசாமல் பிரித்துக்கொண்ட வேலைதானே அது? நீ பாட்டுக்கு உன் பங்கை முடித்துவிட்டுப் போய்விட்டாய். மீதியை யார் செய்வது?

பெரிய மார்க்கெட் பக்கம் கடை பிடித்ததும் உன் பேரை வைத்தேன். 'அஞ்சலை பாத்திரக்கடை' என்று போர்டு மாட்டிய அன்று நீ வந்து பார்த்துவிட்டு, "செத்தவங்களுக்குத்தான்டி பேரு வைப்பாங்க, நான் உசுரோடதான இருக்கேன்?" என்று தெருவே கேட்கக் கத்தினாய். ஆனால் அதற்கப்புறம் மார்க்கெட்டுக்கு வரும்போதெல்லாம் அந்தப் போர்டைப் பார்க்கிற மாதிரியே எதிர்ப் பக்கமாக நடந்து போவாய். நான் கல்லாவிலிருந்து பார்த்திருக்கிறேன்.

இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டதெல்லாம் பேர் வெட்டுகிற மேசையில்தான். சீர்ப் பாத்திரம் எடுக்க அம்மாவும் பெண்ணும் வருவார்கள். அண்டா, குடம், தவலை, சம்படம் எல்லாம் எடுத்து முடித்து, பேர் வெட்டுகிற நேரத்தில்தான் அந்த வீட்டுக் கதை வெளியே வரும். "மாப்ள பேரையும் சேத்து வெட்டுங்க" என்று சில அம்மாக்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சில பேர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பொண்ணு பேரு மட்டும் போதும்மா. நாளைக்கே ஒண்ணுன்னா நம்ம பொருளுன்னு தூக்கியாரலாம்" என்பார்கள். அப்படிச் சொல்கிற அம்மாவின் கையை நான் பார்ப்பேன். பெண்ணின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே இருக்கும்.

இத்தனை பேர் மனசைப் படித்தேன். என் வீட்டுக்குள் ஒருத்தி மனசைப் படிக்கத் தெரியவில்லை.

அவள் கல்யாணத்தைப் பார்க்க நீ இல்லை. அதனால் சொல்கிறேன். பையன் பேர் பிரபு. லாஸ்பேட்டையில் காலேஜ் படித்தபோது பழக்கமாம். இப்போது சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் வேலை. ஒருநாள் கடைக்கே கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினாள். வெயில் காலம், அவன் சட்டையெல்லாம் வேர்வை.

"குடிக்கிறியா?" என்று கேட்டேன்.

"இல்ல ஆண்ட்டி."

"சம்பளம் பேங்க்ல வருதா?"

"வருது ஆண்ட்டி."

"அப்பறம் என்னா, கட்டிக்க. வீட்ல பெரியவங்கள வரச் சொல்லு."

நான் ஒரு பிரச்சினையும் பண்ணாமல் சரி சொன்ன சந்தோஷத்தில் அவள் என்னைக் கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும், "அவ்ளோதானா? ஏன் புடிச்சிருக்கு, எப்பிடிப் புடிச்சுதுன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டியா?" என்றாள்.

"புடிக்காமயா கூட்டியாந்து நிறுத்தின?"

"ஆயா இருந்தா கேட்டிருக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கேட்டிருப்பாய்தான். மூன்று நாள் உட்கார்த்தி வைத்துக் கேட்டிருப்பாய். எனக்கு அப்படிப் பேச வராது அம்மா. ஒரு பொருள் நல்லதா, சரி, கட்டு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

சீர் மட்டும் ஒரு குறை இல்லாமல் செய்தேன். இந்த ஊரில் எந்தப் பெண்ணுக்கும் அப்படி எவர்சில்வர் போனதில்லை என்று இன்றைக்கும் சொல்வேன். எல்லாவற்றிலும் பேர் வெட்டினேன். கடைக்கு வெளியே போகிற எந்தச் சாமானிலும் வெட்டுவது போல, 'அஞ்சலை பாத்திரக்கடை, புதுச்சேரி' என்று வெட்டி, அதன் கீழே என் செல் நம்பர். கல்யாணத்துக்கு வருகிற கூட்டம் அத்தனையும் அந்தப் பாத்திரத்தைப் பார்க்கும். எத்தனை வீட்டில் பெண் இருக்கும்! வந்த வாய்ப்பை விட எனக்கு மனசு வரவில்லை. அதோடு, உன் பேர் அவள் புகுந்த வீட்டில் இருக்கட்டும் என்றும் நினைத்தேன். இதையும் நீ நம்ப வேண்டும்.

மண்டபத்தில் சீரைப் பரப்பி வைத்ததும் மாப்பிள்ளை வீட்டுக் கிழவி ஒருத்தி குடத்தைத் திருப்பிப் பார்த்து, "பத்திரிகைல தேன்மொழின்னு போட்டிருந்துச்சு, பொண்ணு பேரு அஞ்சலையா?" என்றாள். ஒரு வாலிபன், "இந்தச் சொம்புல தண்ணி குடிச்சா கடைக்கு மிஸ்டு கால் போவுமா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நாலு பேர் நம்பரைக் குறித்துக்கொண்டார்கள், எனக்கு அதில் சந்தோஷம் கூட.

தேன்மொழி சிரிக்கவில்லை. மணவறைக்குப் போவதற்கு முன்னால், தலையில் பூ பாரத்தோடு என் பக்கம் திரும்பி, "ஆயா பேரு இருக்குது. உன் நம்பரு இருக்குது. என் பேரு எங்க?" என்றாள்.

"எல்லாமே உனக்குத்தானடி. பேரு எதுக்கு?"

அவளை மணவறைக்குக் கூப்பிட்டார்கள். எனக்கும் வாசலில் பந்தி விசாரிக்கிற வேலை இருந்தது.

அதற்கப்புறம் வளைகாப்பு. மூலக்குளத்தில் அவள் மாமியார் வீட்டிலேயே வைத்தார்கள். நம் பக்கத்தில் பெற்றவள்தானே முதலில் வேப்பங்காப்பு போட வேண்டும், போட்டுவிட்டுப் பெண்ணைப் பிரசவத்துக்குக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். வளையல், ஐந்து வகைச் சாதம், எல்லாம் முதல் நாளே அனுப்பிவிட்டேன். கிளம்புகிற நேரத்தில் சொல்தா வீட்டு அம்மா, பிரான்ஸ் பட்டாளத்துப் பென்ஷன் வருகிற குடும்பம், பேத்தி கல்யாணத்துக்கு முழு செட்டும் எடுக்கக் கடைக்கு வந்துவிட்டார்கள். காரில் வந்திருக்கிறார்கள், திருப்பி அனுப்ப முடியுமா? அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை.

நான் மூலக்குளம் போய்ச் சேர்ந்தபோது நல்ல நேரம் முடிந்துவிட்டது. இரண்டு கையிலும் வளையல் நிறைந்திருந்தது. முதல் காப்பை மாமியார் சரோஜாதான் போட்டிருந்தாள். போடாமல் காத்திருந்து பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் போட்டாளாம். நல்ல பொம்பளை அம்மா அவள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

நான் கொண்டுபோன சந்தனத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனேன். தேன்மொழி கன்னத்தைத் திருப்பிக்கொண்டாள். "வளையல் போட உனக்கு நேரமில்ல, புள்ள பெக்க வந்தா பாக்க நேரம் இருக்குமா? நான் அங்க வரல. இங்கயே இருக்கேன் அத்த" என்று சொன்னாள், என்னிடம் பாதி, மாமியாரிடம் பாதி. வந்தவர்களுக்குக் கொடுக்க நான் அனுப்பியிருந்த சம்படத்தைக் கையில் எடுத்து மூடியைக் காட்டினாள். அதிலும் கடைப் பேர்தான்.

அன்றைக்கு என் நம்பரைத் தன் போனிலிருந்து எடுத்துவிட்டு, பிளாக்கும் செய்துவிட்டாள். நான் கூப்பிட்டாலும் போகாது. கடைப் பெண்கள் போனிலிருந்து அடித்தால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுவாள். சரோஜாவிடம்தான் விசாரிப்பேன். "கால் வீங்குதுன்னு சொல்றா அண்ணி, ஆனா சாப்புடறா" என்பாள்.

உன் படத்துக்கு முன்னால் நின்று எத்தனை தடவை கேட்டேன், ஒருநாள் அவள் கனவில் போய்ச் சொல்லேன் என்று. நீ போனாயா? போயும் அவள் கேட்கவில்லையா?

திங்கட்கிழமை காலையில் கடையில் நல்ல கூட்டம். வைகாசி முகூர்த்தம், மூச்சு விட நேரமில்லை. தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"அஞ்சலை பாத்திரக்கடைங்களா?"

"ஆமா சொல்லுங்க. சீர் செட்டா, பழசு மாத்தணுமா?"

"இல்லைங்க, உங்க நம்பரு குடத்துல இருந்துச்சி..."

"குடம் ஒழுவுதா? பில்லு இருந்தா எடுத்தாங்க, மாத்தித் தரேன்."

"குடம் நல்லாத்தாங்க இருக்குது. குடத்துக்காரப் பொண்ணுதான் கீழ வுழுந்து கெடக்குது."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. உடம்புக்குப் புரிந்துவிட்டது போல, கையில் இருந்த தவலை கீழே விழுந்தது. அந்தப் பெண் மூலக்குளத்தில் பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடி வந்தவள். யாரையும் தெரியாது. குழாயில் தண்ணீர் பிடிக்க வந்தபோது, நம் பெண் வாசலில் குடத்தோடு விழுந்து கிடந்திருக்கிறாள். சரோஜா வில்லியனூர் கோயிலுக்குப் போயிருந்தாள். பிரபுவுக்குக் கம்பெனியில் போன் கூடாது, வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். தேன்மொழி போன் பூட்டியிருந்தது. அக்கம்பக்கத்தில் எல்லோரும் வேலைக்குப் போன நேரம். யாரைக் கூப்பிடுவது என்று தவித்தவள், உருண்டு கிடந்த குடத்தில் ஒரு நம்பரைப் பார்த்திருக்கிறாள்.

போனிலிருந்து என்னை எடுத்துவிட்டாள் அம்மா. குடத்திலிருந்து எடுக்க முடியவில்லை.

"நூத்தியெட்டுக்கு அடிங்கம்மா, ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, நான் வந்துட்டே இருக்கேன்" என்று கத்தினேன். பொருள் எடுத்துக்கொண்டிருந்தவர்களை அப்படியே வெளியே அனுப்பி ஷட்டரை இழுத்தேன். ஆட்டோவில் போகும்போது வழியெல்லாம் உன்னைத் திட்டினேன். எதற்குத் திட்டினேன் என்று தெரியவில்லை. அவளை என்னிடம் கொடுக்காமல் போனதற்கா, கொடுத்துவிட்டுப் போனதற்கா?

ஆம்புலன்ஸில் ஏற்றிய பிறகுதான் கண் விழித்தாள். முகம் ஊதிப்போய், வேறு யாரோ போல இருந்தாள். என்னைப் பார்த்து, "நீ எப்பிடி வந்த?" என்றாள்.

"குடத்துல நம்பரு இருந்துச்சி."

கண்ணை மூடிக்கொண்டாள். உதடு கோணியது. அழுகையா, சிரிப்பா? எனக்குத் தெரியவில்லை. நீ இருந்தால் சொல்லியிருப்பாய்.

இந்த ஆஸ்பத்திரியில் ஒரு பெண்ணுக்கு ஒரே ஒரு ஆள்தான் உள்ளே கூட இருக்கலாம். அதற்கு ஓர் அட்டை கொடுப்பார்கள். நர்ஸ் வந்து, "உன்கூட யாரும்மா இருக்கப்போறது?" என்று கேட்டபோது நான் அட்டைக்குக் கையை நீட்டிவிட்டேன். தேன்மொழி, "எங்க அத்தை இருப்பாங்க" என்றாள். நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

அதிலிருந்து இந்த வாசல்தான். வாசல் காக்கிற பொம்பளை முதல் நாளே கேட்டாள். "நீ அந்தப் பொண்ணுக்கு யாரும்மா?"

"அம்மா."

"அப்ப உள்ள இருக்கறது?"

"மாமியா."

"மாமியா உள்ள, அம்மா வெளிய! ஊரு ஒலகத்துல இல்லாத அதிசயமா இருக்குதே" என்று சிரித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு டீ வாங்கிக் கொடுத்தாள். நான் எப்போதும் யாரிடமும் ஓசியில் டீ குடிக்க மாட்டேன். குடித்தேன்.

கஞ்சி, ரசம் சாதம் எல்லாம் இங்கிருந்தபடியே கடைப் பெண்களிடம் சொல்லி ஆக்கி வரவழைத்து சரோஜாவிடம் கொடுப்பேன். தூக்கு காலியாக வெளியே வரும். அவள் சாப்பிட்டாளா, சரோஜா சாப்பிட்டாளா என்று கேட்க பயம்.

இன்று காலையில்தான் ஆபரேஷன் என்று முடிவு சொன்னார்கள். பிரபு வந்து கையெழுத்துப் போட்டான். கொஞ்ச நேரம் கழித்து சரோஜா வெளியே வந்தாள்.

"அண்ணி, அவ ஒண்ணு கேக்குறா. கடைய யாரு பாத்துக்கறாங்கன்னு."

"யாரும் பாக்கல. பூட்டிக் கெடக்குது. திங்கக்கெழம பூட்டினது."

உள்ளே போய்விட்டுத் திரும்பி வந்தாள். சொல்லத் தயங்கினாள். "சொல்லுங்க அண்ணி" என்றேன்.

"நம்ப மாட்டேங்கறா. 'ஆயா செத்து காரியம் முடியறதுக்குள்ளயே கடையத் தொறந்துச்சு, வைகாசி முகூர்த்தத்துல எனக்காகப் பூட்டுமா, பொய் சொல்லுது'ன்னு சொல்றா."

திறந்தேன்தான் அம்மா. மறைக்க என்ன இருக்கிறது? அடுத்த நாள் விடிந்தால் கல்யாணம், அந்தப் பெண்ணின் சீர் மொத்தமும் பேர் வெட்டி என் கடைக்குள் இருந்தது. அவள் அம்மா தெருவில் நின்று அழுதாள். ஷட்டரைப் பாதி தூக்கி எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து மறுபடி உன் படத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நீ இருந்திருந்தால் போடி, போய்க் கொடுத்துட்டு வா என்றுதான் சொல்லியிருப்பாய் என்று நினைத்தேன். சரியாகத்தானே நினைத்தேன்? அப்போது வாசலில் தேன்மொழி நின்று பார்த்தது எனக்குத் தெரியாது.

சரோஜாவிடம் வாதாடவில்லை. பேசிப் பேசியே பொருளை விற்றவள் நான், இன்றைக்கு என் பேச்சுக்கு அவளிடம் மதிப்பில்லை. இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை எடுத்தேன். ஷட்டர் சாவி, குடோன் சாவி, கல்லாச் சாவி, எல்லாம் அதில்தான். குளிக்கும்போது கூட நான் அதைக் கழற்றி வைத்ததில்லை என்று உனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அதை சரோஜா கையில் வைத்தேன்.

"எனக்கெதுக்கு அண்ணி இது?"

"உங்களுக்கு இல்ல. அவகிட்ட குடுங்க."

அது உள்ளே போய்க் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, போன் வந்தது. லாஸ்பேட்டையிலிருந்து ஓர் அம்மா. நாளை மறுநாள் பெண்ணுக்குக் கல்யாணம். சீர்ப் பாத்திரம் எல்லாம் பேர் வெட்டி, கட்டி, கடைக்குள் இருக்கிறது. "கட பூட்டியிருக்குதேம்மா, நான் என்னா பண்ணுவேன், என் பொண்ணு கல்யாணம்மா" என்று ஒரே அழுகை. அப்படியே அதே அழுகை, நீ செத்த நேரத்தில் கேட்டது போலவே.

என் உடம்பு தானாக எழுந்து நின்றது. போய்க் கொடுத்துவிட்டு வந்துவிடலாம், ஆட்டோவில் எவ்வளவு தூரம் என்று மனசு கணக்குப் போட்டது. என் புத்தி அப்படி. பிறகு உட்கார்ந்தேன். "சாவி என் பொண்ணுகிட்ட இருக்குதும்மா, அவ உள்ள ஆபரேஷன்ல இருக்கப்போறா" என்றேன். அந்த அம்மாவின் அழுகை சட்டென்று நின்றுவிட்டது.

அப்புறம் நான் செய்ததைக் கேட்டால் நீயே நம்ப மாட்டாய். எதிர்க் கடைக்காரனுக்குப் போன் போட்டேன். நம் கடை திறந்த நாளிலிருந்து நம் வாடிக்கையை இழுக்கிறவன். "அஞ்சலை கடக்காரம்மாவா பேசறது? நெஜமாவா?" என்றான். பெண் ஆஸ்பத்திரியில் இருப்பதைச் சொல்லி, அந்த லாஸ்பேட்டை அம்மாவுக்கு அதே மாதிரிச் செட்டை எடுத்துப் பேர் வெட்டிக் கொடு, காசை என் கணக்கில் எழுது என்று கேட்டுக்கொண்டேன். அவன், "கணக்கெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்கா, பாப்பா எப்பிடி இருக்குது?" என்று கேட்டான். பகையாளி கேட்டதும்தான் எனக்கு முதல்முதலாக அழுகை வந்தது.

சற்று முன்னால் அவளை ஸ்ட்ரெச்சரில் கொண்டு வந்தார்கள். பச்சைத் துணி போர்த்தியிருந்தது. நான் சுவரோரமாக நின்றேன். அவள் பார்வையில் பட்டுவிட்டால் பிரஷர் ஏறிவிடுமோ என்று பயந்து தூணுக்குப் பின்னால் போய்விட்டேன். கதவுக்கு முன்னால் நர்ஸ் வண்டியை நிறுத்தினாள்.

"கையில என்னா புடிச்சிருக்க? சாவியா? இரும்பெல்லாம் உள்ள வரக் கூடாது, குடும்மா" என்றாள்.

அதுவரைக்கும் கைக்குள் பொத்தி வைத்திருந்திருக்கிறாள் அம்மா. நர்ஸ் விரலைப் பிரித்துத்தான் எடுத்தாள். உள்ளங்கையில் சாவியின் தடம் பதிந்திருந்ததை நான் இருந்த இடத்திலிருந்தே பார்த்தேன்.

"யாருகிட்ட குடுக்கறது? உங்க அம்மா அங்க நிக்கறாங்களே, குடுத்துடவா?"

தேன்மொழி தலையைத் தூக்கப் பார்த்தாள், முடியவில்லை. இருந்த குரலில் கத்தினாள்.

"அதுகிட்ட குடுக்காதீங்க! அத்த, நீ வச்சிக்க. அதுகிட்ட குடுத்தா கடைக்குப் போயிடும்."

கதவு சாத்திக்கொண்டது. சிவப்பு விளக்கு எரிந்தது.

சரோஜா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சாவிக்கொத்தை முந்தானையில் முடிந்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள். நான் கேட்டுவிடுவேன் என்று பயந்தவள் போலத் தள்ளி உட்கார்ந்தாள். நான் கேட்கவில்லை. பிரபு படிக்கட்டில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருக்கிறான். கதவு திறக்கவில்லை. ஒருமுறை திறந்தது, வேறு யாரையோ கூப்பிட்டார்கள்.

அம்மா, நீ அங்கே இருக்கிறாய் என்றால், உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், அவளை உன்னிடம் கூப்பிட்டுக்கொள்ளாதே. அவள் உன்னைத்தான் தேடுவாள், கூப்பிட்டால் ஓடி வந்துவிடுவாள். கூப்பிடாதே. ஒரு தடவை என் இடுப்பிலிருந்து வாங்கினாய், நான் தடுக்கவில்லை. இந்தத் தடவை கையை நீட்டாதே. "உன் அம்மாகிட்ட போடி" என்று விரட்டி விடு. அவள் என்னோடு பேசாமல் இருக்கட்டும், என் நம்பரை ஆயுசுக்கும் போனில் சேர்க்காமலே இருக்கட்டும், மூலக்குளத்திலேயே இருக்கட்டும். இருந்தால் போதும்.

அவள் பிழைத்து வந்தால் அந்தக் குடத்தை வாங்கி என் கையாலேயே பேர் வெட்டுவேன். நம்பரை அழிக்க மாட்டேன். அது இல்லாவிட்டால் இன்றைக்கு இந்தப் பெஞ்சு கூட எனக்குக் கிடைத்திருக்காது. மேலே உன் பேர் இருக்கட்டும், நடுவில் என் நம்பர் இருக்கட்டும், கீழே இடம் இருக்கிறது, அதில் 'தேன்மொழி' என்று வெட்டுவேன். எல்லாப் பாத்திரத்திலும் வெட்டுவேன், கரண்டி வரைக்கும்.

அது அவள் கண் விழித்த பிறகு. இப்போதைக்கு உனக்கு நான் கொடுக்கக்கூடிய வாக்கு ஒன்றுதான். இந்தக் கதவு திறந்து எந்தச் சேதி வந்தாலும், முகூர்த்தம் போனாலும், கடையே போனாலும், அவளாகச் சாவியை எடுத்து என் கையில் கொடுக்கிற வரைக்கும் நான் இந்தப் பெஞ்சை விட்டு எழுந்திருக்க மாட்டேன்.

இந்தத் தடவை எங்கேயும் போகாத,
உன் மகள்
மங்கை